பழிநீக்கமும் தீர்ப்புநீக்கமும்: ‘இண்டியானாபொலிஸ்’ கப்பல் மீகாமன் வழக்கில் மேல்முறையீட்டின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

1945ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்கக் கடற்படையின் ‘இண்டியானாபொலிஸ்’ என்னும் போர்க்கப்பல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலின் மீகாமன் சார்லஸ் பட்லர் மக்வே, கப்பலை இடருக்கு உட்படுத்தினார் என்று படைத்துறை நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். தண்டனை சில வாரங்களிலேயே நீக்கப்பட்டது. 55 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்மீதிருந்த பழியையும் நீக்கியது. ஆனால் குற்றத்தீர்ப்பு மட்டும் இன்றுவரை நீக்கப்படவில்லை. தண்டனைநீக்கம், மன்னிப்பு, பழிநீக்கம், தீர்ப்புநீக்கம் ஆகிய நான்கும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையும், நாடாளுமன்றம் விடையளித்த வினாவும் நீதிமன்றம் எழுப்பிய வினாவும் ஒன்றல்ல என்பதையும் இவ்வழக்கின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீகாமன், படைத்துறை நீதிமன்றம், மேல்முறையீடு, தண்டனைநீக்கம், பழிநீக்கம், தீர்ப்புநீக்கம்

முன்னுரை

ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட பின்னர் அத்தீர்ப்பிலிருந்து அவரை மீட்கும் வழிகள் பல. பொதுவழக்கில் அவை அனைத்தும் ‘விடுதலை பெற்றார்’, ‘குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்’ என்னும் தொடர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல. தண்டனை நீங்கியவர் குற்றவாளியாகவே நீடிக்கலாம். மன்னிப்புப் பெற்றவரின் குற்றம் மறையாதிருக்கலாம். பழி நீங்கியவர்மீது தீர்ப்பு நிலைத்திருக்கலாம். இவ்வேறுபாடுகள் ஒரே மனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து வெளிப்பட்ட அரிய வழக்கு, கேப்டன் மக்வேயின் வழக்காகும்.

கப்பலைச் செலுத்தும் தலைவனைக் குறிக்க ‘மீகாமன்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. தண்டனையை மட்டும் விலக்குவதைத் ‘தண்டனைநீக்கம்’ என்றும், ஒருவர்மீது சுமத்தப்பட்ட பொறுப்பை விலக்குவதைப் ‘பழிநீக்கம்’ என்றும், குற்றவாளி என்னும் தீர்ப்பையே இல்லாததாக்குவதைத் ‘தீர்ப்புநீக்கம்’ என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. மேல்முறையீட்டின் முழுமையான பயன் இம்மூன்றில் இறுதியாகக் கூறப்பட்டதேயாகும்.

நிகழ்வின் பின்னணி

‘இண்டியானாபொலிஸ்’ 1932ஆம் ஆண்டு நவம்பரில் பணியில் சேர்க்கப்பட்ட கனரக க்ரூஸர் வகைப் போர்க்கப்பல். 1944ஆம் ஆண்டு நவம்பரில் மக்வே அதன் தலைமையை ஏற்றார். 1945 மார்ச்சு இறுதியில் ஒகினாவாவுக்கு அருகில் தற்கொலைத் தாக்குதல் விமானம் மோதியதால் அது பழுதுற்றுக் கலிபோர்னியாவில் சீரமைக்கப்பட்டது. பின்னர், ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டின் பகுதிகளைச் சுமந்துகொண்டு சூலை 16 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, சூலை 26 அன்று டினியன் தீவில் அவற்றை ஒப்படைத்தது.

அங்கிருந்து குவாம் தீவுக்குச் சென்ற கப்பல், பிலிப்பைன்சின் லெய்டேவை நோக்கிச் சூலை 28 அன்று புறப்பட்டது. துணைக்கப்பல் வேண்டுமென மக்வே கேட்டிருந்தும் அது வழங்கப்படவில்லை. நீருக்கடியில் உள்ள பகைக்கலத்தை ஒலியால் கண்டறியும் கருவியும் அவ்வகைக் கப்பலில் இல்லை. சூலை 30 அன்று நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், மோச்சிட்சுரா ஹாஷிமோட்டோ தலைமையிலான ஐ-58 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஆறு டார்பீடோக்களை ஏவியது. அவற்றுள் இரண்டு தாக்கின. ஏறத்தாழ 12 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது.

கப்பலில் இருந்த 1,195 பேரில் ஏறத்தாழ 300 பேர் கப்பலோடு மூழ்கினர். ஏனையோர் கடலில் தத்தளித்தனர். கப்பல் உரிய நாளில் லெய்டேவை அடையாததை எவரும் பொருட்படுத்தவில்லை. போர்க்கப்பல்களின் வருகையைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று இருந்த ஆணையை, அவை வராமற்போனதையும் தெரிவிக்க வேண்டியதில்லை எனப் பொருள்கொண்டனர். ஆகஸ்டு 2 அன்று சுற்றுக்காவல் விமானம் ஒன்று தற்செயலாகக் கடலில் மனிதர்களைக் கண்டது. வெயில், தாகம், உப்புநீர், சுறாமீன்கள் ஆகியவற்றைக் கடந்து உயிர்தப்பியோர் 316 பேர் மட்டுமே. மாண்டோர் 879 பேர். உயிர்தப்பியவர்களுள் மக்வேயும் ஒருவர்.

இந்நிகழ்வில் இரு வேறு வினாக்கள் எழுகின்றன. கப்பல் ஏன் மூழ்கியது என்பது ஒன்று. மூழ்கிய பின் மனிதர்கள் ஏன் நான்கு நாட்கள் கைவிடப்பட்டனர் என்பது மற்றொன்று. மாண்டோரில் பெரும்பாலோரின் சாவுக்கு இரண்டாம் வினாவே விடை தரவல்லது. ஆனால் படைத்துறை நீதிமன்றம் முதல் வினாவின் ஒரு கூறினையே எடுத்துக்கொண்டது. கரையிலிருந்த அலுவலர்கள் நால்வர் கண்டனக் கடிதம் பெற்றனர். பின்னர் அக்கடிதங்களும் திரும்பப் பெறப்பட்டன.

குற்றச்சாட்டுகளும் விசாரணையும்

1945 ஆகஸ்டில் குவாமில் கூடிய விசாரணை மன்றம், மக்வேயைப் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தப் பரிந்துரைத்தது. பசிபிக் கடற்படைத் தலைவர் செஸ்டர் நிமிட்ஸ் இதனை ஏற்கவில்லை. கண்டனக் கடிதமே போதும் என்பது அவர் கருத்து. கடற்படையின் தலைமை அதிகாரி எர்னஸ்ட் கிங் விசாரணை வேண்டும் என வலியுறுத்தினார். கடற்படைச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் அதற்கான ஆணையைப் பிறப்பித்தார். 1945 டிசம்பர் 3 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் விசாரணை தொடங்கியது.

குற்றச்சாட்டுகள் இரண்டு. நல்ல பார்வைத் தெளிவு இருந்தபோதும் ‘ஜிக்ஜாக்’ முறையில் கப்பலைச் செலுத்தாமல், கவனக்குறைவால் கப்பலை இடருக்கு உட்படுத்தினார் என்பது முதலாவது. கப்பலைக் கைவிடும் ஆணையை உரிய நேரத்தில் பிறப்பிக்கத் தவறினார் என்பது இரண்டாவது. ஜிக்ஜாக் என்பது கப்பல் நேர்கோட்டில் செல்லாமல் குறித்த இடைவெளிகளில் இடமும் வலமுமாகத் திசைமாறிச் செல்லும் முறை. டார்பீடோவைக் குறிவைப்போனின் கணக்கைக் குலைப்பது இதன் நோக்கம்.

மக்வேக்கு வழங்கப்பட்டிருந்த பயண ஆணை, திசைமாற்றிச் செலுத்துவதை மீகாமனின் விருப்புரிமைக்கே விட்டிருந்தது. பகலில் அம்முறையைப் பின்பற்றிய அவர், சூலை 29 மாலை இருள் சூழ்ந்ததும் அதனை நிறுத்தினார். அன்றிரவு வானம் மேகமூட்டமாக இருந்தது என்று உயிர்தப்பியோர் பலர் கூறினர். மேகங்கள் விலகி நிலவொளி படர்ந்த வேளையில்தான் ஹாஷிமோட்டோவின் கண்ணில் கப்பல் பட்டது. எனவே, பார்வைத் தெளிவு எத்தகையதாக இருந்தது என்பதே விசாரணையின் முதன்மைப் பொருண்மைச் சிக்கலாயிற்று.

அரசுத்தரப்பு ஹாஷிமோட்டோவையே ஜப்பானிலிருந்து வரவழைத்துச் சாட்சியாக நிறுத்தியது. போர் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த நிலையில், பகைநாட்டுத் தலைவன் ஒருவன் தான் மூழ்கடித்த கப்பலின் மீகாமனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது அந்நாளிலேயே கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆனால் அவருடைய சாட்சியம் அரசுத்தரப்புக்குத் துணைநிற்கவில்லை. கப்பல் திசைமாறிச் சென்றிருந்தாலும் தமது தாக்கும் முறையில் மாற்றம் இருந்திருக்காது என்பதே அவர் கூறியதன் சாரம். அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர்களுள் பெருஞ்சிறப்புப் பெற்ற கிளின் டொனாஹோவும் அம்முறையால் பெரும்பயன் இல்லை என்னும் பொருள்பட எதிர்த்தரப்பில் சாட்சியம் அளித்தார்.

டிசம்பர் 19 அன்று தீர்ப்பு வெளியானது. கப்பலைக் கைவிடும் ஆணை குறித்த குற்றச்சாட்டிலிருந்து மக்வே விடுவிக்கப்பட்டார். கப்பலை இடருக்கு உட்படுத்திய குற்றச்சாட்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

இடரும் இழப்பும்: குற்றத்தின் வரையறை

தாக்கியவரே திசைமாற்றம் பயன்பட்டிருக்காது என்று சான்றளித்த பின்னும் நீதிமன்றம் எவ்வாறு இத்தீர்ப்பை அடைந்தது? இவ்வினாவுக்கான விடை குற்றத்தின் வரையறையில் உள்ளது.

மக்வேமீது கப்பலை இழந்த குற்றம் சாட்டப்படவில்லை. கப்பலை இடருக்கு உட்படுத்திய குற்றமே சாட்டப்பட்டது. முன்னது விளைவைச் சார்ந்த குற்றம். அதனை நிறுவ வேண்டுமானால், மீகாமனின் செயல் அல்லது செயலின்மையே இழப்புக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும். பின்னது நடத்தையைச் சார்ந்த குற்றம். மீகாமன் செய்ய வேண்டியதைச் செய்யாததால் கப்பல் தேவையற்ற இடரில் நின்றது என்று காட்டினால் போதும். கப்பல் மூழ்கியதா, பிழைத்ததா என்பது இக்குற்றத்தின் உறுப்பன்று. பாறைகள் நிறைந்த கடற்பகுதியில் ஆழம் பாராமல் கப்பலைச் செலுத்தி, நல்வாய்ப்பாகத் தப்பி வந்த மீகாமனும் இக்குற்றத்திற்கு ஆளாகலாம்.

இந்நோக்கில் பார்த்தால் ஹாஷிமோட்டோ, டொனாஹோ ஆகியோரின் சாட்சியங்கள் காரணகாரியத் தொடர்பை மறுத்தனவே ஒழிய, குற்றத்தின் வரையறையைத் தொடவில்லை. 1996ஆம் ஆண்டு கடற்படையின் சட்டப்பிரிவு இவ்வழக்கை ஆராய்ந்து அளித்த அறிக்கையும், கப்பலை இழந்ததற்காக மக்வே தண்டிக்கப்படவில்லை என்னும் இவ்வேறுபாட்டையே அரணாகக் கொண்டு தீர்ப்பு சட்டப்படி சரியானதே என்றது.

எனினும், இவ்வாதத்தில் ஒரு வலுவின்மை உண்டு. சட்டச்சொல்லின் அளவில் இடரும் இழப்பும் வேறு. நடைமுறையில் அவை அவ்வாறு பிரியவில்லை. போரின்போது பகைவரின் தாக்குதலால் கப்பலை இழந்ததன் தொடர்பில் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அமெரிக்க மீகாமன் மக்வே ஒருவரே எனக் கூறப்படுகிறது. கப்பல் மூழ்காமல் லெய்டேவை அடைந்திருந்தால், அன்றிரவு நேர்கோட்டில் சென்றதற்காக எவரும் அவரை விசாரித்திருக்கப்போவதில்லை. ஆக, இழப்பு குற்றத்தின் உறுப்பாக இல்லாவிடினும் வழக்கின் தோற்றுவாயாக இருந்தது. மாண்டோரின் குடும்பத்தார் சிலரும் 879 உயிர்களுக்கு அவரே பொறுப்பு என்றே தீர்ப்பைப் புரிந்துகொண்டனர். அவர்கள் எழுதிய வசைக்கடிதங்கள் அவர் வாழ்நாள் இறுதிவரை வந்துகொண்டிருந்தன.

தண்டனைநீக்கம்

நீதிமன்றம் விதித்த தண்டனை சிறையன்று. கேப்டன் என்னும் தற்காலிகப் பதவியிலும், கமாண்டர் என்னும் நிலையான பதவியிலும் மூப்புப் பட்டியலில் 100 இடங்கள் கீழிறக்கப்பட வேண்டும் என்பதே அது. தீர்ப்பளித்த உறுப்பினர்கள் அனைவருமே தண்டனையில் கருணை காட்டுமாறு பரிந்துரைத்தனர். கிங், நிமிட்ஸ் ஆகியோரும் அதனை ஆதரித்தனர். 1946 பிப்ரவரியில் ஃபாரஸ்டல் தண்டனையை முழுமையாக நீக்கி, மக்வேயை மீண்டும் பணியில் அமர்த்தினார். 1949ஆம் ஆண்டு ஓய்வுபெற்றபோது ரியர் அட்மிரல் என்னும் தகுதிநிலை அவருக்கு வழங்கப்பட்டது.

தண்டனைநீக்கம் இரக்கத்தின் வெளிப்பாடு. தீர்ப்பு தவறானது என்று அது ஒருபோதும் கூறுவதில்லை. தீர்ப்பு சரியானது என்பதை முன்னிறுத்திக்கொண்டே அதன் விளைவை மட்டும் தணிக்கிறது. மக்வே வழக்கில் இது ஒரு முரணான விளைவை ஏற்படுத்தியது. தண்டனை இல்லாமற்போனதால், குறைகூறி முறையிடுவதற்கு உறுதியான பாதிப்பு எதுவும் எஞ்சவில்லை. குற்றவாளி என்னும் சொல் மட்டும் எஞ்சியது. 1968 நவம்பர் 6 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் தம் இல்லத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

மேல்முறையீட்டு மன்றம் இல்லாத காலம்

1945இல் அமெரிக்கக் கடற்படையினரின் குற்றவழக்குகள் கடற்படை ஆளுகை விதிகளின்படி நடைபெற்றன. அவ்விதிகளில் தன்னாட்சியுடைய மேல்முறையீட்டு மன்றம் இல்லை. தீர்ப்புகள் கடற்படைத் துறைக்குள்ளேயே மறுஆய்வு செய்யப்பட்டன. மக்வேயை விசாரிக்க ஆணையிட்டவர் ஃபாரஸ்டல். தண்டனையைப் பற்றி இறுதி முடிவெடுத்தவரும் அவரே. வழக்கைத் தொடுக்க ஆணையிட்ட அதிகார மையமே தீர்ப்பைச் சீர்தூக்கும் மையமாகவும் இருந்த அமைப்பு அது.

குடிமை நீதிமன்றங்களும் இதில் பெரிதும் தலையிடவில்லை. 1857ஆம் ஆண்டு அமர்வைச் சேர்ந்த ‘டைன்ஸ் எதிர் ஹூவர்’ வழக்கும் ஒரு கடற்படை மாலுமியைப் பற்றியதே. அதிகாரவரம்புக்கு உட்பட்டு இயங்கிய படைத்துறை நீதிமன்றத்தின் முடிவைக் குடிமை நீதிமன்றங்கள் மறுஆய்வு செய்ய இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. ஆட்கொணர்வு மனு ஒன்றே வழக்கமான வாயிலாக இருந்தது. அதுவும் காவலில் உள்ளவருக்கே பயன்படும். பதவிமூப்பை இழக்கும் தண்டனை பெற்று, அதுவும் நீக்கப்பட்ட ஒருவருக்கு அவ்வாயிலும் பொருந்தாது.

போர்க்கால விசாரணைகள் குறித்துப் பரவலாக எழுந்த குறைகளின் விளைவாக, 1950ஆம் ஆண்டு முப்படைகளுக்கும் பொதுவான படைத்துறை நீதிச் சட்டத்தொகுப்பு இயற்றப்பட்டது. 1951 மே இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. படையினரல்லாத மூன்று நீதிபதிகளைக் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் வழியே தோன்றியது. ஆனால் புதிய அமைப்பு, முன்னர் முடிந்துபோன தீர்ப்புகள் அனைத்தையும் தானாக மறுஆய்வுக்கு உட்படுத்தவில்லை. மக்வேக்குத் தேவைப்பட்ட மன்றம் அவர் வழக்கு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே உருவாயிற்று.

மறைக்கப்பட்டிருந்த சான்றுகள்

மேல்முறையீட்டின் தேவையை இவ்வழக்கில் மிகுவிப்பது, விசாரணையின்போது கிடைக்காதிருந்த சான்றுகளாகும். ஜப்பானியக் கடற்படையின் மறைகுறிச் செய்திகளை அமெரிக்க உளவுப்பிரிவு உடைத்துப் படித்துவந்தது. ஐ-58 உள்ளிட்ட நீர்மூழ்கிகள் அப்பகுதியில் இயங்குவதை அதன் வழியே அறிந்துமிருந்தது. அத்திறன் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால் அச்செய்தி மிகச் சிலரிடையே மட்டும் வைக்கப்பட்டது. அதே கடற்பரப்பில் சூலை 24 அன்று ‘அண்டர்ஹில்’ என்னும் அமெரிக்கத் துணைப்போர்க்கப்பல் ஜப்பானிய நீர்மூழ்கித் தாக்குதலில் அழிந்திருந்தது. இவ்விரு செய்திகளும் குவாமிலிருந்து புறப்பட்ட மக்வேக்குத் தெரிவிக்கப்படவில்லை. உளவு ஆவணங்கள் 1990களின் தொடக்கத்திலேயே பொதுப்பார்வைக்கு வந்தன.

இச்சான்றுகள் காரணகாரியத்தை மட்டுமன்றிக் குற்றத்தின் வரையறையையே தொடுகின்றன என்பது இங்குக் கருதத்தக்கது. கவனக்குறைவு என்பது ஒருவர் அறிந்தவற்றையும் அறிந்திருக்க வேண்டியவற்றையும் அளவுகோலாகக் கொண்டு முடிவுசெய்யப்படுவது. திசைமாற்றிச் செலுத்துவதை மீகாமனின் விருப்புரிமைக்கு விட்டுவிட்டு, அவ்விருப்புரிமையைச் சரிவரப் பயன்படுத்தத் தேவையான செய்தியை அவரிடமிருந்து மறைத்த பின், அவர் தவறாக முடிவெடுத்தார் என்று எவ்வாறு கூற இயலும்? ஹாஷிமோட்டோவின் சாட்சியத்தைக் காட்டிலும் வலிமையான எதிர்வாதம் இதுவே. முறையான மேல்முறையீட்டு மன்றம் ஒன்று எதிர்கொண்டிருக்க வேண்டிய வாதமும் இதுவே. ஆனால் சான்று வெளிவந்தபோது மக்வேயும் இல்லை. அவர் வழக்கை ஏற்க மன்றமும் இல்லை.

பழிநீக்கம்

உயிர்தப்பிய மாலுமிகள் 1960ஆம் ஆண்டு முதல் ஒன்றுகூடத் தொடங்கினர். தம் மீகாமனின் பெயரைக் காக்க அவர்களும் மக்வேயின் மக்களும் பல ஆண்டுகள் முயன்றனர். 1990களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் வரலாற்றுப் பாடத்திட்டப் பணிக்காக உயிர்தப்பியோரிடம் செய்தி திரட்டி வெளிப்படுத்தியபோது, அம்முயற்சி நாடளாவிய கவனத்தைப் பெற்றது. 1999 செப்டம்பரில் அமெரிக்க மேலவையின் படைத்துறைக் குழு இதனை விசாரித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹாஷிமோட்டோவும் அக்குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதி, மக்வேக்காகப் பரிந்துரைத்தார்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தின் ஒரு கூறாக நாடாளுமன்றத்தின் கருத்து பதிவுசெய்யப்பட்டது. கப்பலின் இழப்புக்கும் மாண்டோரின் சாவுக்கும் மக்வே பொறுப்பல்லர் என்பதை அமெரிக்க மக்கள் ஏற்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அதிபர் பில் கிளிண்டன் அதில் கையொப்பமிட்டார். அச்சட்டம் கையொப்பமாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் ஹாஷிமோட்டோ காலமானார். 2001 சூலையில் கடற்படைச் செயலர் கார்டன் இங்கிலாந்து, இக்கருத்தை மக்வேயின் பணிப்பதிவேட்டில் சேர்க்க ஆணையிட்டார்.

இங்கு இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, இது நாடாளுமன்றத்தின் ‘கருத்து’ மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்பை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. பதிவேட்டில் புதிய தாள் சேர்க்கப்பட்டது. பழைய தாள் அகற்றப்படவில்லை. இரண்டாவது, நாடாளுமன்றம் பேசியது இழப்பைப் பற்றி. நீதிமன்றம் தீர்ப்பளித்தது இடரைப் பற்றி. எனவே, கப்பலின் இழப்புக்கு மக்வே பொறுப்பல்லர் என்னும் கூற்றும், அவர் கப்பலை இடருக்கு உட்படுத்தினார் என்னும் கூற்றும் சட்டத்தருக்கத்தில் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. நீதிமன்றம் கேட்காத வினாவுக்கு நாடாளுமன்றம் விடையளித்தது. நீதிமன்றம் கேட்ட வினாவை எவரும் மீண்டும் திறக்கவில்லை.

குடியரசுத் தலைவரின் மன்னிப்பும் இதற்குத் தீர்வாகாது. மன்னிப்பு என்பது குற்றச்சுமத்தலை உள்ளடக்கியது என்றும், அதனை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்றும் 1915ஆம் ஆண்டு ‘பர்டிக்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தாம் குற்றமே செய்யவில்லை எனக் கருதுவோர்க்கு மன்னிப்பு உதவியன்று. அது மற்றொரு பழியே.

ஓர் ஒப்பீடு: ‘ஹெபெய் ஸ்பிரிட்’ வழக்கு

மேல்முறையீடு முறையாக இயங்கும்போது குற்றத்தின் வரையறை எவ்வாறு மறுஆய்வுக்கு உள்ளாகிறது என்பதைத் தென்கொரிய வழக்கொன்று காட்டுகிறது. இது போர்க்கப்பல் பற்றியதன்று. வணிகக் கப்பல் பற்றியது. 2007 டிசம்பர் 7 அன்று நங்கூரமிட்டிருந்த ‘ஹெபெய் ஸ்பிரிட்’ என்னும் எண்ணெய்க் கப்பல்மீது, இழுவைக் கயிறு அறுந்து அலைக்கழிந்த பாரந்தூக்கி மிதவை ஒன்று மோதியது. 10,000 டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய்க் கப்பலின் மீகாமனும் முதன்மை அலுவலரும் இந்தியர்கள்.

2008 சூனில் கீழமை நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அரசுத்தரப்பின் மேல்முறையீட்டில் 2008 டிசம்பரில் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மீகாமனுக்கு 18 மாதமும் முதன்மை அலுவலருக்கு 8 மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவால் கப்பலை அழித்தனர் என்னும் குற்றத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. ‘அழித்தல்’ என்பது போக்குவரத்துக் கலமாக இயங்கும் தன்மையை முழுமையாகவோ பகுதியாகவோ இழக்கச் செய்யும் அளவுக்கான சிதைவையே குறிக்கும். அந்நிலையை எட்டாத சேதம் அச்சொல்லில் அடங்காது என்பது அதன் விளக்கம். எண்ணெய் மாசு தொடர்பான கவனக்குறைவுக் குற்றச்சாட்டை மட்டும் அது நிலைநிறுத்தியது.

இரு வழக்குகளிலும் திருப்புமுனை ஒரே வகையினது. சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்பதே அது. கொரியாவில் ‘அழித்தல்’ என்னும் சொல்லை எடைபோட உயர்மன்றம் இருந்தது. அதனால் தீர்ப்பின் ஒரு பகுதி நீங்கியது, மறுபகுதி நின்றது. இரண்டுக்கும் காரணம் எழுத்தில் உள்ளது. மக்வே வழக்கில் ‘இடருக்கு உட்படுத்துதல்’ என்னும் சொல்லை அவ்வாறு எடைபோட எந்த மன்றமும் வாய்க்கவில்லை.

இந்தியாவிலும் இச்சிக்கல் அயலானதன்று. படைத்துறை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான சிறப்பு அனுமதி மேல்முறையீட்டை அரசியலமைப்பின் 136(2)ஆம் உறுப்பு விலக்கியுள்ளது. நீண்டகாலம் நீதிப்பேராணை மனுக்களே படையினர்க்கு நீதிமன்ற வாயிலாக இருந்தன. 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டமே, சான்றுகளையும் ஆராயத்தக்க முறையான மேல்முறையீட்டைப் படையினர்க்கு வழங்கியது.

முடிவுரை

மக்வேயின் வழக்கு மூன்று படிகளைக் கடந்தது. 1946இல் தண்டனை நீங்கியது. 2000இல் பழி நீங்கியது. அதற்கு 2001இல் பணிப்பதிவேட்டில் இடம் கிடைத்தது. தீர்ப்பு மட்டும் நீங்கவில்லை. முதலாவது இரக்கத்தால் நிகழ்ந்தது. இரண்டாவது மக்கள் மனச்சான்றால் நிகழ்ந்தது. மூன்றாவது சட்டத்தால் மட்டுமே நிகழக்கூடியது. அதற்கான மன்றம் உரிய காலத்தில் இல்லாதபோது, முன்னிரண்டும் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஈடாவதில்லை.

நாடாளுமன்றத்தின் பழிநீக்கத்தை வெறுஞ்சடங்கு எனத் தள்ளிவிட இயலாது. உயிர்தப்பிய முதிய மாலுமிகளுக்கும், தந்தையை இழந்த மக்களுக்கும் அதுவே வேண்டியிருந்தது. 879 சாவுகளின் சுமையை ஒரு மனிதனின் தோளிலிருந்து அது இறக்கியது. ஆனால் நிலவு மேகத்துள் மறைந்தும் வெளிப்பட்டும் இருந்த அவ்விரவில், தமக்குச் சொல்லப்பட்டவற்றை மட்டும் கொண்டு முடிவெடுத்த மீகாமன் கவனக்குறைவாக நடந்தாரா என்னும் வினாவுக்கு 1945 டிசம்பர் 19 அன்று எழுதப்பட்ட விடையே சட்டப்படி இன்றும் விடையாக உள்ளது. ஆதலின், மேல்முறையீடு என்பது தண்டனையைக் குறைக்கும் வாயில் மட்டுமன்று. கேட்கப்பட்ட வினாவையே மீண்டும் கேட்கும் உரிமை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. இவ்வகை வழக்குகளைத் தமிழில் எழுதுவோர் ‘குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்’ என்னும் ஒற்றைத்தொடரோடு அமையாமல், நீங்கியது தண்டனையா, பழியா, தீர்ப்பா எனப் பிரித்துரைப்பது பொருள்மயக்கத்தைத் தவிர்க்கும்.